சூரிய மின்சார வேலைக்கு சாதாரண தரம் கட்டாயமா?

மன்னார் தீவின் தென்கரையில் 30 காற்றாடிகள் நிற்கின்றன. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட ‘தம்பபவனி’ காற்றாலை, ஏறத்தாழ 100 மெகாவாற் மின்சாரம் தரக்கூடியது. அந்தப் பக்கம் செய்தி சேகரிக்கப் போனால் ஊரவர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “எங்கட பிள்ளையளுக்கு இதில வேலை கிடைக்குமோ, தம்பி?”

பெரும்பாலும் கிடைக்காது. காற்றாடி நடும் காலத்தில் வீதி, அத்திவாரம், பாரந்தூக்கி என்று ஆட்கள் தேவை. நட்டு முடிந்தபின் கணினி கண்காணிக்கும். உயரத்தில் வேலைசெய்யப் பழகிய சிறு அணியே பராமரிப்புக்குப் போதும். மீன்பாடு குறைகிறது, வெள்ளம் வடியவில்லை என்று மன்னார் மக்கள் 2025இல் வீதிக்கு வந்ததை இதனோடு சேர்த்தே பார்க்கிறேன். இழப்பு ஊருக்கு, சம்பளம் வேறிடத்துக்கு என்றால் யார் பொறுப்பார்கள்?

நம்மவர்களுக்கான வேலை கூரைகளில் இருக்கிறது. வீட்டுக் கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்சார சபைக்கு விற்கும் வழியை 2016இல் ‘சூரியபல சங்கிராமய’ திட்டம் அகலத் திறந்தது. அதன்பின் நிழல் விழாத இடம் பார்ப்பது, சட்டம் பூட்டுவது, வயரிங், புவித்தொடுப்பு, இன்வேர்ட்டர் பொருத்துவது, விண்ணப்பப் படிவம் நிரப்புவது, பழுது பார்ப்பது என்று பல கைகளுக்கு வேலை வந்தது. கரையோரங்களில் உப்புக்காற்று ஆணிகளையும் சட்டங்களையும் அரிப்பதால் பராமரிப்பு இன்னும் கூடுதல். தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட எங்கள் ஊர்களுக்கு இந்தக் கைப்பக்குவம் புதிதல்ல.

ஆனால் வீட்டு வயரிங் தெரிந்தால் மட்டும் போதாது. வெயில் படும்வரை பனலில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பிரதான ஆளியை நிறுத்தினாலும் அந்தப் பக்கம் உயிரோடுதான். அது நேரோட்ட மின். தொடுப்புத் தளர்ந்து பொறி எழுந்தால் இலேசில் அணையாது, கூரையே எரியலாம். பயிற்சி இல்லாத ஒருவரை நாட்கூலிக்கு மேலே ஏற்றுவது கொலைக்குச் சமம் என்பேன்.

கிளிநொச்சியில் ஒருவரைச் சந்தித்தேன். 2008 டிசம்பரில் சாதாரண தரம் எழுதவேண்டியவர். அந்த மாதம் குடும்பம் இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. முகாமிலிருந்து வந்தபின் மாமாவோடு வயரிங் வேலைக்குப் போனார். பல வருட அனுபவம் இருந்தும் இன்றும் ‘உதவியாள்’ சம்பளம். காரணம், கையில் சான்றிதழ் இல்லை.

இப்படிப்பட்டவர்களுக்காகவே ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்ற வழி இருக்கிறது. அனுபவத்தை ஆதாரங்களோடு காட்டி, மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்துகாட்டினால், பள்ளிச் சான்றிதழ் இல்லாமலே தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ., பெறலாம். இளையவர்கள் அறிவியல் நகரிலுள்ள இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களில் முறையாகவே படிக்கலாம். தனியார் வகுப்பு என்றால், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அது பதிவானதா என்று பார்த்தபிறகே காசு கட்டுங்கள்.

இந்தச் சந்தை நிலையானதென்று நான் சொல்லமாட்டேன். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின் தேவை குறைந்ததால், கூரைச் சூரிய மின்னைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டது. பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் பற்றரி வேலையையும் சேர்த்துப் பழகுவது நல்லது.

மதிப்பீட்டுக்குப் போக முன், செய்த வேலைகளின் படங்கள், வேலை தந்தவர்களின் கடிதங்கள், அடையாள அட்டை ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால், பிரதேச செயலகத்தில் பிரதிக்கு இன்றே விண்ணப்பியுங்கள்.