மெஷினுக்குக் கடன் கிடைக்கும்... கொட்டைக்குப் பணம் இருக்கிறதா?

சித்திரை மாதம், உச்சி வெயில் நேரம். மங்கலம்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி அலுவலகத்துக்கு வந்தார்கள். கணவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். சென்னையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அப்பா காலத்து முந்திரித் தோப்பு மூன்று ஏக்கர் இருக்கிறது. கையில் ஒரு கொட்டேஷன். கொட்டை வேகவைக்கும் பாய்லர், கட்டிங் மெஷின், டிரையர், தோல் உரிக்கும் மெஷின் எல்லாம் சேர்த்து 6,40,000 ரூபாய்.

''சார், ஸ்டார்ட்-அப் ஆரம்பிக்கப்போறோம். மானியம் எவ்வளவு கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க'' என்றார். எங்கள் காலத்தில் இதற்குத் 'தொழில் வைப்பது' என்று பெயர். பெயர் மாறியிருக்கிறது, கேள்விகள் மாறவில்லை. நம் இதழுக்கு வரும் கடிதங்களிலும் முதல் கேள்வி மானியமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெண் மட்டும் வேறு ஒன்று கேட்டார். ''ஏங்க, நம்ம தோப்புக் கொட்டை எத்தனை நாளைக்கு வரும்?'' கேட்டது கணவரிடம்தான். அவர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு அந்த அறையில் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே சரியான கேள்வி அதுதான். அதிலிருந்தே ஆரம்பித்தோம்.

பன்னிரண்டு நாள் தோப்பு

அவர்கள் தோப்பில் நல்ல வருடத்தில் ஒரு டன் கொட்டை கிடைக்குமாம். ஒரு மூட்டை 80 கிலோ. சின்ன யூனிட், ஒரு நாளைக்கு ஒரு மூட்டைதான் உடைக்கப்போகிறது என்றாலும் ஒரு டன் பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும். மெஷினும் ஆட்களும் வருடத்தில் 200 நாள் ஓட வேண்டும் என்றால் 16 டன் வேண்டும். அவர்கள் சொன்ன விலை கிலோ 130 ரூபாய். அந்தக் கணக்கில் கொட்டைக்கு மட்டும் 20,80,000 ரூபாய்.

கொட்டேஷனில் இருப்பது 6,40,000. கொட்டேஷனில் இல்லாதது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல்!

நம் பகுதியில் கொட்டை விழுவது பங்குனி, சித்திரை, வைகாசியில்தான். வருடம் முழுக்க உடைக்க வேண்டிய சரக்கை அந்த மூன்று மாதத்துக்குள் வாங்கி, காயவைத்து, அடுக்க வேண்டும். சீசன் முடிந்து வியாபாரியிடம் போனால் அவர் வைத்ததுதான் விலை. பண்ருட்டி வட்டாரத்தில் பெரிய ஆலைகள் ஐவரி கோஸ்ட், கானா, தான்சானியா என்று ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை இறக்குமதி செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். நம் சரக்கு மட்டும் அவர்களின் மெஷினுக்குப் போதாது. கன்டெய்னர் கணக்கில் வாங்குபவரோடு மூட்டைக் கணக்கில் வாங்குபவர் விலையில் மோத முடியாது.

புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் படுத்துப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மெஷின் சரியாக ஓடும், பருப்பும் நன்றாக இருக்கும். ஆடி மாதம் கொட்டை வாங்கக் காசு இருக்காது. வங்கியில் மெஷின் கடன் கேட்கும்போதே நடைமுறை மூலதனக் கடனையும் சேர்த்துத் திட்ட அறிக்கையில் எழுதிவிடுங்கள். பிறகு தனியாகக் கேட்டால் கிடைப்பது சிரமம்.

ஒரு மூட்டைக் கணக்கு

தம்பதியை உட்காரவைத்து ஒரு மூட்டைக்குக் கணக்குப் போட்டோம். இவை கணக்குப் புரிவதற்காக வைத்துக்கொண்ட விலைகள். நீங்கள் போடும்போது அன்றைய சந்தை விலையை வைத்துக்கொள்ளுங்கள்.

80 கிலோ கொட்டை, கிலோ 130 வீதம் 10,400 ரூபாய். நன்கு காய்ந்த, முற்றிய கொட்டையில் 25 சதவிகிதம் பருப்பு என்றால் 20 கிலோ. அதில் முழுப்பருப்பு 12 கிலோ, 800 ரூபாய் வீதம் 9,600. பாதிப் பருப்பு 5 கிலோ, 650 வீதம் 3,250. பொடித்துண்டு 3 கிலோ, 400 வீதம் 1,200. மொத்தம் 14,050. கொட்டை விலை போக 3,650. வேகவைக்க, உடைக்க, உலர்த்த, தோல் உரிக்க, தரம் பிரிக்கக் கூலியும் எரிபொருளும் 2,000 என்று வைத்தால் கையில் நிற்பது 1,650. பாக்கெட், வண்டி வாடகை, வட்டி எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும்.

இப்போது 20 கிலோவுக்குப் பதில் 18 கிலோ பருப்பு கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்கொட்டையோ, பிஞ்சு கலந்ததோ வாங்கினால் அப்படித்தான் ஆகும். அதே விகிதத்தில் வரவு 12,645 ஆகக் குறையும். கையில் 245 ரூபாய் நிற்கும். வட்டிக்கே பற்றாது.

கணவர் சற்று நேரம் பேசவில்லை. ''ரெண்டு கிலோதானே சார் குறைஞ்சுது?'' என்றார். அந்த இரண்டு கிலோவில்தான் தொழிலே இருக்கிறது. அதனால்தான் பழைய ஆலைக்காரர்கள் மூட்டைக்குள் கைவிட்டு, நாலு கொட்டையை எடுத்து வெட்டிப் பார்க்காமல் விலை பேச மாட்டார்கள். கொட்டையைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. அந்தப் பழக்கத்தை எந்த மெஷினோடும் இலவசமாகத் தர மாட்டார்கள். முழுப்பருப்பின் அளவுக்கும் தனி விலை. 320 தரம் என்றால் ஒரு பவுண்டுக்கு (சுமார் 454 கிராம்) 320 பருப்பு வரை நிற்கும். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் கூடும். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ-3 போன்ற ரகங்களைத் தோப்பில் வைத்திருப்பவர்கள் அந்தக் கொட்டையைத் தனியாகச் சேர்த்து வையுங்கள். நாட்டுக் கொட்டையோடு கலக்காதீர்கள்.

அடுப்பு வாங்காமல் சுட்டவர்கள்

விருத்தாசலத்துக்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் ஊர் செராமிக் தொழிற்பேட்டையைப் பாருங்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் களிமண்தான் அந்தத் தொழிலுக்கு அடிப்படை. அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர் என்று செய்கிறார்கள். அங்கே தொடங்கிய எல்லோரும் சொந்தச் சூளையோடு தொடங்கவில்லை. கொட்டகையில் அச்சு வைத்துப் பொருளை வார்த்துக்கொண்டு, பொதுச் சூளையில் கட்டணம் கட்டிச் சுட்டு எடுத்தவர்கள் உண்டு. சரக்கு விற்கிறதா என்று தெரிந்த பிறகுதான் சொந்தச் சூளை பற்றி யோசித்தார்கள். சூளை என்பது பெரிய முதலீடு. பொம்மை விற்கவில்லை என்றால் சூளையை வைத்து என்ன செய்வது?

முந்திரியிலும் இதற்கு வழி உண்டு. பத்து மூட்டையை ஏற்கெனவே ஓடும் ஆலையில் கூலிக்கு உடைத்து வாங்குங்கள். பருப்பை உங்கள் பெயரில் பாக்கெட் போட்டு விற்றுப் பாருங்கள். லாபம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால், யார் வாங்குகிறார்கள், எத்தனை நாளில் காசு வருகிறது, திரும்ப வாங்குகிறார்களா என்பது தெரிந்துவிடும். மெஷின் விற்பவர் இந்த யோசனையைச் சொல்ல மாட்டார்.

என் பங்குக்கு ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மகளிர் குழுவிடம், மானியம் இருக்கிறதே என்று பருப்பு உடைக்கும் மெஷின் வாங்கச் சொன்னேன். உளுந்து எங்கே வாங்குவது, உடைத்ததை யார் வாங்குவார் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. முதல் வருடம் ஓடியது. பிறகு தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். அந்தத் தெரு வழியாகப் போகும்போது இன்றும் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் போகிறேன்.

மானியம் முன்பணம் இல்லை

மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்த குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டத்தில் திட்ட மதிப்பில் 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் என்று விதி. நம் பங்கு குறைந்தது 10 சதவிகிதம். ஆனால், பலருக்குப் புரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. மானியத் தொகை கையில் வராது. வங்கியில் தனிக் கணக்கில் நிற்கும். மூன்று வருடம் தவணை தவறாமல் கட்டி, தொழிலும் நடந்துகொண்டிருந்தால்தான் கடனில் கழிப்பார்கள். 'மானியம் வந்ததும் கொட்டை வாங்கலாம்' என்று கணக்குப் போட்டால் அந்தக் கணக்கு நிற்காது. விண்ணப்பிக்கும்போது நடப்பிலுள்ள விதிகளைக் கடலூர் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்தத் தம்பதி தயங்கித் தயங்கிக் கேட்டது. ''தோப்பை அடமானம் வெக்கணுமா சார்? அப்பாவுக்கு மனசே இல்லை.'' குறு, சிறு தொழில்களுக்குக் குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதற்காகவே கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. கிளையில் கேட்டால் இதை எடுத்துச் சொல்லுங்கள், எழுத்தில் பதில் கேளுங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்து ஒரே நாளில் தோப்புகளைச் சாய்த்த மாவட்டம் இது. மரம் போனாலும் நிலம் இருந்ததால்தான் பலர் மறுபடி கன்று நட்டார்கள். அந்த அப்பா யோசிப்பதில் நியாயம் இருக்கிறது.

வங்கி எதைப் பார்க்கிறது என்பதற்குக் கடலூர்க்காரர் ஒருவரின் கதையே இருக்கிறது. கவின்கேர் நிறுவனர் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு 'சிக்' ஷாம்பு தொடங்கினார். அடமானம் இல்லாததால் கடன் கிடைக்கவில்லை. வருமான வரி ஒழுங்காகக் கட்டியிருப்பதைப் பார்த்து ஒரு வங்கி மேலாளர் 25,000 ரூபாய் கொடுத்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விற்பனையிலும் அவர் செய்தது கவனிக்க வேண்டியது. எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட் ஐந்து கொண்டுவந்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார். பிறகு, சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார். கடைக்காரர் அடுக்கித்தான் ஆக வேண்டிய நிலை வந்தது. உங்களிடம் வருமான வரிக் கணக்கு இல்லாவிட்டாலும் ஆறு மாதம் விற்ற பில்லும், தனி வங்கிக் கணக்கும் இருந்தால் மேலாளரின் பேச்சு மாறும். வீட்டுச் செலவையும் தொழில் கணக்கையும் ஒரே பாஸ்புக்கில் வைக்காதீர்கள்.

சில சிறு கேள்விகள்

உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு இல்லாமல் ஒரு பாக்கெட் கூட விற்காதீர்கள். சிறு உற்பத்தியாளர்களுக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும். வருடத்துக்கு 100 ரூபாய்தான். உத்யம் பதிவு இலவசம். அதற்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். உத்யம் பதிவு இருந்தால் சரக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் வருடச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் தெரிந்த மளிகைக்கடைக்காரர் மீது யாரும் வழக்குப் போடப்போவதில்லை. முதல் வருடம் கடனுக்குக் கொடுக்கும் சரக்கு, கை நட்டப்பட்டாலும் தாங்கும் அளவில் இருக்கட்டும்.

பண்ருட்டி முந்திரிக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த முத்திரையைப் பாக்கெட்டில் போட அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிய வேண்டும். சும்மா அச்சடித்துவிட முடியாது.

மச்சானோடு கூட்டு சேரலாமா என்று வேப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சேரலாம். யார் எவ்வளவு போட்டார், யார் தினமும் வேலை பார்ப்பார், அவருக்குச் சம்பளம் உண்டா, பிரிந்தால் மெஷின் யாருக்கு? இந்த நான்கையும் சுமுகமாக இருக்கும்போதே பத்திரத்தில் எழுதுங்கள். குறைந்தது பத்து விவசாயிகள் சேர்ந்தால் உற்பத்தியாளர் கம்பெனியாகவே பதியலாம். கொட்டை கொள்முதலுக்கு அதுதான் பலம்.

ஒரு எச்சரிக்கை. கொட்டை ஓட்டிலிருக்கும் எண்ணெய் தோலைப் பொத்துவிடும். உடைக்கும் பெண்களுக்குக் கையுறை செலவைக் கூலிக் கணக்கிலேயே சேருங்கள். பருப்பின் ஈரப்பதம் 5 சதவிகிதத்துக்குள் இல்லாமல் பாக்கெட் போட்டால் ஐப்பசி மழையில் காறல் வாடை வந்துவிடும்.

ஆவணியில் வந்தார்கள்

கணவர் கொட்டேஷனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். கொஞ்சம் வருத்தம்தான். எந்த வருமானம் வரை பார்ப்பது, எவ்வளவு நட்டத்தில் நிறுத்துவது என்று ஒரு தொகையை இப்போதே எழுதிவைக்கச் சொல்லியிருந்தேன்.

ஆவணியில் மறுபடி வந்தார்கள். சொந்தத் தோப்புக் கொட்டையில் பத்து மூட்டையைக் கூலிக்கு உடைத்திருக்கிறார்கள். நோட்டை அந்தப் பெண்தான் வைத்திருந்தார். கடைகளுக்குக் கொடுத்த முழுப்பருப்பில் பாதிக்கு இன்னும் காசு வரவில்லை. அவர்கள் எதிர்பார்க்காத ஒன்று, பாதிப் பருப்பும் துண்டும் கைக்காசுக்குப் போயிருக்கிறது. உளுந்தூர்பேட்டையில் ஒரு ஸ்வீட் கடைக்காரர் வாரம் 15 கிலோ கேட்கிறாராம்.

''துண்டுக்காகவே கொட்டை வாங்க முடியாதே சார். துண்டை மட்டும் ஆலையில வாங்கி, தரம் பிரிச்சு ஸ்வீட் கடைகளுக்குக் கொடுத்தா என்ன?'' என்று கேட்டார் அவர். சல்லடையும் எடை மெஷினும் போதும் என்றார். மொத்த முதலீடு 40,000 ரூபாய்க்குள் வருகிறது என்று நோட்டைக் காட்டினார். கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. மாமனார் தோப்புப் பத்திரம் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது.