பழுப்பு நிறம் சொல்லும் சேதி

இரண்டு பெண்களுக்கு ஒரே வயது. மார்பகக் கட்டியும் ஒரே அளவு. ஒருவருக்கு நோய் அடங்குகிறது, இன்னொருவருக்கு இரண்டே ஆண்டில் திரும்புகிறது. ஏன்?

பதிலில் ஒரு பகுதி செல்லின் உட்கருவில் இருக்கிறது. அங்கே ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள்தான் ஏற்பிகள். ஹார்மோன் வந்து சேர்ந்ததும் செல் பெருகத் தொடங்கும். ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் சினைப்பைகளை அகற்றியதும் முற்றிய மார்பகப் புற்று சுருங்கியதை 1896-ல் கிளாஸ்கோ மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் எழுதினார். காரணம் விளங்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. சிகாகோவில் எல்வுட் ஜென்சன் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் கண்டறிந்தார்.

ஒரு கட்டியில் ஏற்பி இருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? கட்டியின் துண்டை ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக வெட்டுகிறார்கள். அதன்மேல் ஏற்பியைத் தேடி ஒட்டும் எதிர்ப்பொருளையும் நிறமியையும் இடுகிறார்கள். ஏற்பி உள்ள உட்கரு பழுப்பாகும். இல்லாதது நீலமாகவே நிற்கும். புற்றுச்செல்களில் 1 சதவீதம் பழுப்பானாலே ‘பாசிட்டிவ்’.

பாசிட்டிவ் கட்டிகள் பெரும்பாலும் மெதுவாக வளர்பவை. முதல் ஐந்தாண்டில் திரும்பும் வாய்ப்பும் குறைவு. டமாக்சிஃபென் மாத்திரை ஏற்பியை அடைத்துவிடும். ஐந்தாண்டு சாப்பிட்டால் நோய் திரும்பும் அபாயம் ஏறத்தாழ பாதியாகிறது. ஆனால் பத்தாண்டு கழித்தும் திரும்பக்கூடும். கண்காணிப்பை விடக் கூடாது.

எங்கே சிகிச்சை பெற்றாலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (ஈஆர்), புரோஜெஸ்டிரோன் ஏற்பி (பிஆர்) முடிவைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.