பிலாய்: நெல் வயலும் இரும்பு உலையும்

ரயிலில் போயிருக்கிறீர்களா? ரயில் ஓடும் தண்டவாளம் எங்கே செய்யப்படுகிறது, தெரியுமா? நம் நாட்டுத் தண்டவாளத்தில் பெரும்பகுதி பிலாய் நகரத்திலிருந்துதான் வருகிறது.

பிலாய் சத்தீஸ்கர் மாநிலத்தில், துர்க் மாவட்டத்தில் இருக்கிறது. சுற்றிலும் சமவெளி. மழைக்காலத்தில் கண்ணுக்கு எட்டிய வரை நெல் வயல்தான். சத்தீஸ்கருக்கு 'நெல் கிண்ணம்' என்றே ஒரு பெயர் உண்டு. அருகே சிவ்நாத் ஆறு ஓடுகிறது. அது மகாநதியில் போய்ச் சேருகிறது.

நெல் விளையும் இடத்துக்கு இரும்பு ஆலை ஏன் வந்தது? தெற்கே சுமார் 90 கிலோமீட்டர் தூரத்தில் தல்லி ராஜ்ஹரா மலைகள் உள்ளன. அங்கே சிவப்புக் கல்லை வெட்டி எடுக்கிறார்கள். அந்தக் கல்லில்தான் இரும்பு இருக்கிறது. சுண்ணாம்புக்கல் பக்கத்திலேயே, நந்தினியில் கிடைக்கிறது. உலையில் கல் உருகும்போது, அதில் உள்ள கசடைப் பிரிக்கச் சுண்ணாம்புக்கல் வேண்டும். நிலக்கரி தூரத்திலிருந்து வருகிறது. அதைக் கொண்டுவர, மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே ஓடும் ரயில் பாதை முன்பே இருந்தது.

1955-இல் சோவியத் நாட்டோடு ஒப்பந்தம் ஆனது. பல கிராமங்களின் நிலம் ஆலைக்குப் போனது. 1959-இல் முதல் உலையைக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொடங்கி வைத்தார்.

கல்லைப் போலவே தண்ணீரும் முக்கியம். சூடான இரும்பைக் குளிர வைக்க நிறையத் தண்ணீர் வேண்டும். அது தாந்துலா அணையிலிருந்தும், மகாநதியின் கங்ரேல் அணையிலிருந்தும் வருகிறது. அதே அணைகளை நம்பித்தான் வயலும் இருக்கிறது. நல்ல மழை பெய்தால் சிக்கல் இல்லை. மழை பொய்த்தால் என்ன செய்வது? குடிநீருக்குத்தான் முதலிடம். மீதியில் வயலுக்கு எவ்வளவு, உலைக்கு எவ்வளவு? கால்வாயின் கடைசியில் நிலம் வைத்திருப்பவர் இதைக் கேட்பது நியாயம்தான்.

பிலாய்க்குப் போனால் மைத்ரி பாக் பாருங்கள். 'மைத்ரி' என்றால் நட்பு. சோவியத் நட்பின் நினைவாக அமைத்த பூங்கா அது. அங்கே வெள்ளைப் புலிகளைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

பிலாய்க்குப் பக்கத்தில் கனியாரி என்று ஒரு கிராமம். தீஜன் பாய் பிறந்த ஊர். கையில் தம்புராவோடு மேடையில் நின்று பாரதக் கதை பாடியவர். அந்தத் தம்புராவே பீமன் கையில் கதாயுதம் ஆகும்! அவர் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அல்ல. கதையைக் காதால் கேட்டே கற்றார். 2019-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். அவர் வேலை பார்த்ததும் பிலாய் இரும்பு ஆலையில்தான்.