ஃபோல்டருக்குப் பூட்டு போட்டதும் ஃபைல் மேனேஜர் மூடிக்கொள்கிறதா?



நம்ம கூட்டமைப்புகளில் இப்போ கணக்கு நோட்டோடு கம்ப்யூட்டரும் சேர்ந்து ஓடுது. குழு வாரியாகச் சந்தா, உள்கடன், வங்கிக் கடன் தவணை, உறுப்பினர்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கு. அலுவலகத்துக்கு வர்ற பத்துப் பேரும் அதைத் திறந்து பார்க்கிறது சரியில்லை என்று யாராவது ஒருத்தர் அந்த ஃபோல்டரின் அனுமதியை மாற்றுகிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் மறுநாள் ஃபோல்டர் படத்தைச் சொடுக்கினால் ஜன்னல் ஒரு நொடி வந்துட்டு மறைஞ்சு போகுது. திரும்பத் திரும்பச் சொடுக்கினாலும் அதே கதைதான். தணிக்கைக்கு ஆள் வரும் வாரத்தில் இப்படி நடந்தால் கை கால் ஓடாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்க கணக்கு அழியவில்லை. ஃபைல் மேனேஜர் என்பது அலமாரியைத் திறந்து காட்டுகிற ஆள் மாதிரி. ஆள் மயங்கி விழுந்தால் அலமாரியில் இருக்கும் நோட்டு காணாமல் போகாது. அதனால் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், அவர் "ஃபார்மட் பண்ணிடலாம்மா" என்று சொன்னதும் தலையாட்டிவிட்டு வந்துடாதீங்க. அனுமதிக் கோளாறால் போகாத கணக்கு, ஃபார்மட்டில் போய்விடும்.

லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரை வைத்து இதை விளக்குகிறேன். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், உபுண்டு, மின்ட் எல்லாவற்றிலும் அனுமதி முறை ஒன்றுதான். ஃபைல் மேனேஜரின் பெயர் மட்டும் நாட்டிலஸ், நெமோ, காஜா என்று மாறும்.

லினக்ஸில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் மூன்று வகை ஆட்கள் உண்டு. சொந்தக்காரர், குழு, மற்றவர்கள். ஆமாம், குழு என்றேதான் அதற்கும் பெயர். நமக்குப் புரிய வைக்க இதைவிட வசதி வேண்டாம்! குழுவின் பணப்பெட்டியை யார் திறக்கலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம், வெளியாள் எவ்வளவு தூரம் வரலாம் என்று நாம தீர்மானம் போடுகிற மாதிரிதான் இதுவும்.

இந்த மூன்று பேருக்கும் மூன்று வகை அனுமதி. படிக்க, எழுத, நுழைய. இதில் பலரும் தடுக்கி விழும் இடம் மூன்றாவதுதான். ஃபைலுக்கு அது "இயக்க" என்று பொருள். ஃபோல்டருக்கோ "உள்ளே நுழைய" என்று பொருள். நுழைய அனுமதி இல்லாமல் படிக்க மட்டும் அனுமதி இருந்தால், பூட்டிய வீட்டு ஜன்னல் கம்பி வழியே பார்க்கிற கதைதான். உள்ளே என்னென்ன பாத்திரம் இருக்கு என்று பெயர் தெரியும். ஒன்றையும் கையில் எடுக்க முடியாது.

இவற்றுக்கு எண்ணும் உண்டு. படிக்க 4, எழுத 2, நுழைய 1. மூன்றும் சேர்ந்தால் 7. 755 என்றால் சொந்தக்காரருக்கு எல்லாம் (7), குழுவுக்கும் மற்றவருக்கும் படிக்க, நுழைய (5). 700 என்றால் சொந்தக்காரர் தவிர யாருக்கும் இல்லை. 644 என்பது ஃபைலுக்குப் பொருத்தமான எண். அதையே "உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும்" என்று சேர்த்துப் போட்டால் ஃபோல்டர்களுக்கும் அதுவே விழுந்துவிடும். 6-ல் அந்த 1 இல்லையே! சொந்தக்காரரே தன் வீட்டு வாசல்படியில் நிற்க வேண்டியதுதான்.

சரி, கணக்கு ஃபோல்டரில்தானே கை வைத்தோம், ஃபைல் மேனேஜர் ஏன் விழணும்? பெரும்பாலும் கை அந்த ஒரு ஃபோல்டரோடு நின்றிருக்காது. ஒவ்வொருவரின் பெயரிலும் ஒரு ஹோம் ஃபோல்டர் இருக்கிறது. அதற்குள் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள மறைந்த ஃபோல்டர்கள் சில உண்டு. கன்ட்ரோலையும் எச் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால்தான் கண்ணுக்குத் தெரியும். ஃபைல் மேனேஜர் தன் சொந்தக் குறிப்புகளை அங்கேதான் எழுதி வைக்கும். திறந்ததும் முதல் வேலையாக அங்கே போய் எழுதப் பார்க்கும். எழுத முடியவில்லை என்றால், தீர்மான நோட்டு இருக்கும் அறைக்கு வேறு யாரோ பூட்டு போட்டுவிட்டால் கூட்டத்தையே ஆரம்பிக்காமல் எழுந்து போகும் ஊக்குநர் மாதிரி, மூடிக்கொண்டு போய்விடும். நாட்டிலஸ் சில சமயம் "தேவையான ஃபோல்டரை உருவாக்க முடியவில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போகும். சில சமயம் அதையும் சொல்லாது.

பூட்டு போட்ட அந்த "வேறு யாரோ" பெரும்பாலும் ரூட்தான். கம்ப்யூட்டரின் எல்லாச் சாவியும் வைத்திருக்கும் நிர்வாகிக்கு லினக்ஸில் ரூட் என்று பெயர். சூடோ என்ற சொல்லை முன்னால் போட்டு ஒரு வேலையைச் செய்தால் அது ரூட் செய்த வேலையாகிவிடும். அனுமதி மாற்றுவதற்காக ஃபைல் மேனேஜரையே சூடோ போட்டுத் திறந்தால், சில லினக்ஸ்களில் உங்க ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே ரூட் பெயரில் ஃபைல்கள் உருவாகிவிடும். அப்புறம் நீங்க உங்க பெயரில் வரும்போது அவை உங்களுடையவை இல்லை. பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தும் திரும்பத் திரும்ப லாகின் திரைக்கே வருகிறது என்றால் அதுவும் பல சமயம் இதே நோய்தான்.

இப்போ வைத்தியத்துக்கு வருவோம். அந்தக் கம்ப்யூட்டரில் வேறொருவர் பெயரில் லாகின் இருந்தால் அதில் நுழைந்து பாருங்க. அங்கே ஃபைல் மேனேஜர் ஒழுங்காகத் திறந்தால், கோளாறு உங்க ஹோம் ஃபோல்டரில் மட்டும்தான். பாதி நிம்மதி. அங்கேயும் விழுந்தால் கோளாறு பெரியது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து டெர்மினல். பல லினக்ஸ்களில் கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். பயப்பட ஒன்றும் இல்லை, எழுத்தில் பேசும் ஜன்னல் அது. அங்கே ஃபைல் மேனேஜரின் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து என்டர் தட்டுங்க. படத்தைச் சொடுக்கினால் சொல்லாமல் சாகும் அது, இங்கே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிட்டுச் சாகும். "பெர்மிஷன் டினைட்" என்ற சொல்லும் கூடவே ஒரு ஃபோல்டர் பெயரும் வந்தால் அதை நோட்டில் எழுதிக்கோங்க. நோய் இருக்கும் இடம் அதுதான்.

அந்த ஃபோல்டர் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க எல், எஸ் என்ற இரண்டெழுத்துக் கட்டளை. ஒரு இடம் விட்டு, ஒரு சிறு கோடு, எல், டி, மறுபடி இடம் விட்டு ஃபோல்டர் பெயர். வரும் வரியின் தொடக்கத்தில் பத்து எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து டி என்றால் ஃபோல்டர். மீதி ஒன்பதும் மும்மூன்றாகச் சொந்தக்காரர், குழு, மற்றவர். ஆர், டபிள்யூ, எக்ஸ் இருக்கும் இடத்தில் அனுமதி உண்டு, கோடு இருக்கும் இடத்தில் இல்லை. அடுத்து ஒரு எண் வரும், அதற்குப் பின்னால் சொந்தக்காரர் பெயர். அங்கே உங்க பெயருக்குப் பதில் ரூட் என்று இருந்தால் திருடன் பிடிபட்டான்.

சொந்தத்தைத் திருப்பி வாங்கும் கட்டளை சி, எச், ஓ, டபிள்யூ, என். முன்னால் சூடோ, பின்னால் ஒரு கோடும் பெரிய ஆர் எழுத்தும், அப்புறம் உங்க லாகின் பெயர், கடைசியில் உங்க ஹோம் ஃபோல்டரின் முழு விலாசம். பெரிய ஆர் என்றால் உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் என்று பொருள். இங்கே கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அடிக்கணும். விலாசம் சாய்கோட்டில் தொடங்கும். அந்தச் சாய்கோட்டை அடுத்து தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்தால், கம்ப்யூட்டர் முழுக்க மாற்று என்று அர்த்தமாகிவிடும். என்டர் தட்டும் முன் பக்கத்தில் இருப்பவரையும் ஒருமுறை படிக்கச் சொல்லுங்க.

நுழையும் அனுமதி போயிருந்தால் சி, எச், எம், ஓ, டி கட்டளை. அதோடும் கோடும் பெரிய ஆரும் உண்டு. எண்ணுக்குப் பதில் யூ, கூட்டல் குறி, ஆர், டபிள்யூ, பெரிய எக்ஸ் என்று கொடுங்க. சிறிய எக்ஸ் போட்டால் எல்லா ஃபைலுக்கும் இயக்கும் அனுமதி போய்விடும். பெரிய எக்ஸ் போட்டால் ஃபோல்டர்களுக்கும், ஏற்கெனவே அந்த அனுமதி உள்ள ஃபைல்களுக்கும் மட்டும்தான் போகும். ஒரு எழுத்துதான், ஆனால் வித்தியாசம் பெரிசு. முடிந்ததும் லாக் அவுட் செய்து திரும்ப வாங்க. அநேகமாகச் சரியாகியிருக்கும்.

அப்படியும் விழுந்தால், ஃபைல் மேனேஜரின் குறிப்பு இருக்கும் மறைந்த ஃபோல்டருக்குப் பெயரை மட்டும் மாற்றுங்க. அழிக்க வேண்டாம். அது புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

பலரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் வைத்தியம் 777. எல்லாருக்கும் எல்லா அனுமதியும் என்று பொருள். பணப்பெட்டியைத் திறந்து ஊர்ச் சாவடியில் வைத்துவிட்டு "இப்போ சாவிப் பிரச்சினை இல்லை" என்று சொல்வதற்கு ஒப்பு. அந்தக் கம்ப்யூட்டரில் நுழையும் எவரும் கடன் பேரேட்டில் ஒரு எண்ணை மாற்றலாம், நம்ம உறுப்பினரின் ஆதார் நகலை எடுத்துக்கொண்டு போகலாம். அதைக் கம்ப்யூட்டர் முழுக்கவே போட்டுவிட்டால் சூடோவே வேலை செய்ய மறுத்துவிடும். முன்பு சொன்ன பெரிய கோளாறு இந்த வகைதான். அதை ஒவ்வொன்றாகச் சரிசெய்வதைவிட லினக்ஸைப் புதிதாகப் போடுவதே மேல். ஆனால் அதற்கு முன் லினக்ஸ் உள்ள பென்டிரைவ் மூலம் கம்ப்யூட்டரைத் திறந்து ஹோம் ஃபோல்டர் முழுவதையும் வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்தாகணும். காப்பியைத் திறந்து உங்க குழுக் கணக்கு தெரிகிறதா என்று நீங்களே பார்த்த பிறகுதான் கடைக்காரர் கை வைக்கணும்.

பூட்டு வேண்டும் என்றால் முறையாகப் போடலாம். கணக்காளர், செயலாளர், பொருளாளர் மூவரையும் கம்ப்யூட்டரில் ஒரு குழுவாகச் சேர்த்து, கணக்கு ஃபோல்டரை யாருடைய ஹோமிலும் வைக்காமல் பொது இடத்தில் அந்தக் குழுவின் பெயரில் வைத்து, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் 2770 கொடுத்தால் போதும். முன்னால் இருக்கும் 2, உள்ளே புதிதாக எழுதும் ஃபைலும் அதே குழுவின் பெயரில் சேரும்படி பார்த்துக்கொள்ளும். மற்றவருக்கு 0.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே அனுமதிப் பட்டியலில் "எவ்ரிஒன்" என்பதற்கு "டினை" கட்டத்தில் டிக் போடாதீங்க. எல்லாரும் என்றால் அதில் நீங்களும் சேர்த்திதானே! ஃபோல்டரின் சொந்தக்காரர் பெயரில் நுழைந்தால் அந்த டிக்கை எடுத்துவிடலாம்.

பென்டிரைவ் விஷயம் மறந்துடாதீங்க. பெரும்பாலான பென்டிரைவ்களில் இருக்கும் ஃபேட் முறையில் இந்தச் சொந்தக்காரர், குழு கணக்கெல்லாம் பதிவாகாது. கம்ப்யூட்டரில் 700 போட்டுப் பூட்டிய ஃபோல்டரைப் பென்டிரைவில் காப்பி எடுத்தால், அதைச் செருகும் எவரும் திறக்கலாம். காப்பி எடுத்த பென்டிரைவைத் தீர்மான நோட்டோடு இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுங்க.