அன்டிகோனிஷில் சில வாரங்கள்

கனடாவின் கிழக்குக் கரையில், அத்திலாந்திக் சமுத்திரத்தை நோக்கியபடி இருக்கிறது நோவா ஸ்கோஷியா மாகாணம். அங்கே அன்டிகோனிஷ் என்னும் சிறு பட்டணத்தில், புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோடி நிறுவனம் உள்ளது. 1959 இல் தொடங்கிய இந்நிறுவனத்தைப் பற்றி எமது மூத்த குருக்கள் சொல்லக் கேட்டிருந்தேன். 2013 இன் இலையுதிர் காலத்தில் அங்கு சில வாரங்கள் தங்கிப் பயிலும் வாய்ப்புக் கிடைத்தது. குளிரைப் பற்றி எழுதப் புகுந்தால் பக்கம் போதாது. சோறு கிடைத்தது; கறிக்குத்தான் பாடு.

1920களில் இக்கரையோர மீனவர் பெரும் வறுமையில் இருந்தனர். வலையையும் உப்பையும் கடனுக்குக் கொடுப்பவனே மீனை வாங்குவான். விலையையும் அவனே சொல்வான். முதலாளியிடம் முற்பணம் வாங்கித் தொழில் செய்யும் எம்மவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. 1927 ஜூலை 1 இல் நாடு தனது அறுபதாவது ஆண்டைக் கொண்டாடியபோது, கான்சோ மீனவர்கள் ஒன்றுகூடி, தாம் கொண்டாட என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். அங்கு பங்குத்தந்தையாக இருந்தவர் ஜிம்மி தொம்கின்ஸ் அடிகளார். மெலிந்த உடம்பு, ஓயாத வாய், கை நிறையப் பிரசுரங்கள். அடுத்த ஆண்டில் பல்கலைக்கழகம் மக்கள் கல்விக்கென ஒரு பிரிவைத் தொடங்கி, அவருடைய உறவினரான மோசஸ் கோடி அடிகளாரை அதன் பணிப்பாளராக நியமித்தது.

இவர்கள் பணத்தோடு ஊர்களுக்குப் போகவில்லை. எட்டுப் பத்துப் பேர் ஒரு வீட்டு அடுப்படியில் கூடி, வாரந்தோறும் ஒரு பிரசுரத்தை வாசித்துப் பேசினார்கள். நாம் பிடிக்கும் சிங்கி இறால் பொஸ்டனில் என்ன விலை போகிறது? இடையில் உள்ளது யாருக்குப் போகிறது? இப்படிக் கேட்டுக் கேட்டே பல ஊர்களில் கடனுதவிச் சங்கங்களும், மீனைத் தாமே பதப்படுத்தி அனுப்பும் கூட்டுறவுகளும் எழுந்தன.

கேப் பிரெட்டனில் றிசேவ் மைன்ஸ் என்னும் சுரங்க ஊருக்கும் எங்களை அழைத்துச் சென்றார்கள். தொம்கின்ஸ் அடிகளார் பின்னர் பணியாற்றிய பங்கு அது. கம்பனி வீடுகளில் நெருக்குண்டு கிடந்த சுரங்கத் தொழிலாளர் 11 குடும்பத்தினர், 1938 இல் தமக்கென வீடுகளைக் கட்டி முடித்தார்கள். பெரும்பகுதி அரச கடன். மிகுதி அவர்களுடைய சேமிப்பும் உழைப்பும். அந்த ஊரவரான ஒரு முதியவர் எங்களுக்குத் தேநீர் தந்தார். “கட்ட முதல் எங்கள் ஆட்கள் மாதக்கணக்காகப் படித்தார்கள். அட்டையில் சின்ன வீடு செய்து பார்த்தார்கள். வட்டிக் கணக்கில் அவர்களை ஒருவரும் ஏய்க்க முடியாது” என்றார். எங்கள் குழுவில் ஒருவர், முதற்பணத்தை யார் கொடுத்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். முதியவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

எனக்கு விளங்கியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரும், 2009 இல் போர் முடிந்த பின்னரும், எமது கரையோரங்களில் சங்கங்கள் ஒரே நாளில் முளைத்ததைக் கண்டவன் நான். படகு முதலில் வந்தது, கூட்டம் பிறகு. அவற்றுள் சிலவற்றின் பெயர்ப்பலகை மாத்திரம் நின்றது.

அங்கும் எல்லாம் நிலைத்துவிடவில்லை. கொட் மீன் அழிந்து, 1992 இல் நியூஃபவுண்ட்லாந்திலும் அடுத்த ஆண்டில் நோவா ஸ்கோஷியாவின் கிழக்குக் கடலிலும் அத்தொழில் நிறுத்தப்பட்டது. சுரங்கங்களும் மூடப்பட்டன. இளைஞர் வேலை தேடி மேற்கே போகிறார்கள். “வியாபாரியை வென்றோம், இழுவைக் கப்பலை வெல்ல முடியவில்லை” என்றார் ஒரு மீனவர். பாக்கு நீரிணையை எண்ணிக்கொண்டு மௌனமாக இருந்தேன்.

நாடு திரும்பிய பின், ஒரு கிராமத்தில் கருவாடு போடும் ஏழு பெண்களோடு வாரந்தோறும் கூடத் தொடங்கினோம். ஆறு மாதம் எதையும் பதிவு செய்யவில்லை. எவரிடமும் உதவி கேட்கவுமில்லை. மூன்றாம் கூட்டத்தில், அதுவரை வாய் திறவாதிருந்த ஒரு அம்மா கேட்டார்: “அது கிடக்கட்டும் சுவாமி, தராசு ஆருடையது?”