அபராதம் கட்டியாயிற்று, அமீனா கூலி எவ்வளவு?

பௌர்ணமி இரவு. அடி அண்ணாமலையில் குடியிருப்போருக்கு அந்த இரவின் இயல்பு நன்கு தெரியும். கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளமாய் நடந்து கொண்டிருப்பார்கள். வண்டிகளை எங்கோ நிறுத்திவிட்டு வந்தவர்கள், திரும்பிப் போகும்போது அவை அதே இடத்தில் இருக்க வேண்டுமே என்ற கவலையோடு நடப்பார்கள். இஷாத் தொழுகையை முடித்துக்கொண்டு நான் வீடு திரும்பியபோது, என் மூத்த சகோதரி திண்ணையில் அமர்ந்திருந்தார். மடியில் ஒரு சுருக்குப் பை. உள்ளே அவருடைய இரட்டை வடச் சங்கிலி.

“தம்பி, விடிந்ததும் இதை அடகு வைத்துப் பணம் வாங்கித் தா. இலண்டனில் பிள்ளையின் வீட்டுக்கு அமீனா வந்துவிட்டானாம். நாளை மறுநாளுக்குள் பணம் கட்டாவிட்டால் காரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவானாம். கார் இல்லாமல் அவன் ராத்திரி வேலைக்கு எப்படிப் போவான்?” என்று கேட்டவர் அழத் தொடங்கிவிட்டார்.

அமீனா என்ற சொல்லைக் கேட்டாலே நம் குடும்பங்களில் அடிவயிறு கலங்குவது பழைய வழக்கம். ஜப்தி, தண்டோரா, ஏலம் என்று பாட்டன் காலத்து நினைவுகள் எல்லாம் ஒன்றாய் எழுந்து நிற்கும். ஆனால் அந்தச் சொல்லின் பிறப்பு வேறு. ‘அமீன்’ என்னும் அரபுச் சொல்லுக்கு நம்பிக்கைக்குரியவர் என்பது பொருள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மக்கா நகரத்தார் ‘அல் அமீன்’ என்றே அழைத்தனர். பிறர் பொருளைக் கையில் வாங்குபவர் நம்பிக்கைக்குரியவராய் இருக்க வேண்டும் என்பதாலேயே நீதிமன்ற ஊழியருக்கு அப்பெயர் வந்து சேர்ந்தது. ஆகவே அவர் கேட்கும் தொகைக்குக் கணக்குக் கேட்பது அவமரியாதை ஆகாது.

அக்காவைச் சமாதானப்படுத்திவிட்டு மருமகனுடன் தொலைபேசியில் பேசினேன்.

நடந்தது இதுதான். இலண்டனில் ஒரே தெருவில் அடுத்தடுத்த இரு நாட்களில், அனுமதி இல்லாத இடத்தில் காரை நிறுத்தியதற்காக அவனுக்கு இரண்டு அபராதச் சீட்டுகள் விதிக்கப்பட்டன. அவன் வீடு மாறியிருந்தான். ஆனால் வாகனப் பதிவில் முகவரியை மாற்றவில்லை. கடிதங்கள் யாவும் பழைய வீட்டுக்கே போயின. குறித்த காலத்தில் கட்டாததால் அபராதம் ஒன்றரை மடங்காயிற்று. நார்த்தாம்டன் நகரில் உள்ள போக்குவரத்து அமலாக்க மையத்தில் அது கடனாகப் பதிவாகி, வசூல் ஆணையும் பிறந்தது. ஆணையைப் பெற்ற அமலாக்க முகவர் புதிய முகவரியைக் கண்டுபிடித்து நோட்டீஸ் அனுப்பிய பிறகே மருமகனுக்கு விஷயம் தெரிந்தது. பதறிப்போய் இரண்டு அபராதத் தொகையையும் கவுன்சிலின் கணக்கில் நேரே கட்டிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டான்.

மூன்று வாரம் கழித்து முகவர் வாசலில் வந்து நின்றார். அவர் கேட்டது அபராதமன்று, அவருடைய கட்டணம். மொத்தம் 730 பவுண்டு. நம் பணத்தில் எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல்.

“அபராதம்தான் கட்டிவிட்டேனே மாமா, பிறகு இவருக்கு எதற்கு ஒரு காசு கொடுக்க வேண்டும்?” என்றான்.

“அவர் கொடுத்த கணக்குச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. சீட்டைப் பார்க்காமல் ‘கொடு’ என்றும் சொல்ல மாட்டேன், ‘கொடுக்காதே’ என்றும் சொல்ல மாட்டேன்” என்றேன்.

சட்டம் எழுதிய கூலி

அன்றிரவு கல்லூரியில் படிக்கும் என் மகள், பிரிட்டிஷ் அரசின் சட்டப் பக்கத்திலிருந்து அதற்குரிய விதிகளை எடுத்துத் தந்தாள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் அவை. அதற்கு முன் அமீனாக்கள் வந்து போனதற்கு ஒன்று, பூட்டுப் போட்டதற்கு ஒன்று என்று பல பெயர்களில் பணம் கேட்பதாக அந்நாட்டில் நெடுங்காலம் முறையீடு இருந்து வந்தது. 2014 விதிகள் கட்டணத்தை மூன்று படிகளாக வரையறுத்தன.

முதற்படியில், ஆணை முகவர் கைக்கு வந்து நோட்டீஸ் அனுப்பப்படுகிறது. இதற்கு 2014-இல் விதிக்கப்பட்ட கட்டணம் 75 பவுண்டு. நோட்டீசுக்கும் நேரில் வருவதற்கும் இடையில் முழுதாக ஏழு நாட்களாவது அவகாசம் தர வேண்டும். இரண்டாம் படியில் முகவர் வீட்டுக்கு வருகிறார். இதற்கு 2014-இல் விதிக்கப்பட்ட கட்டணம் 235 பவுண்டு. எத்தனை முறை வந்தாலும் இது ஒரே கட்டணம்தான். 2014-இல் வகுத்தபடி, கடன் 1,500 பவுண்டுக்கு மேற்பட்டால் மட்டும், மேற்பட்ட தொகைக்கு நூற்றுக்கு ஏழரை வீதம் கூடியது. மூன்றாம் படியில் பொருளை விற்பனைக்கு எடுத்துச் செல்ல வருகிறார், அல்லது விற்பனைக்கான ஏற்பாட்டைத் தொடங்குகிறார். இதற்கு 2014-இல் விதிக்கப்பட்ட கட்டணம் 110 பவுண்டு.

அதே விதிகளில் இன்னொரு செய்தியும் இருந்தது. ஒரே மனிதர் மீது ஒன்றுக்கு மேற்பட்ட ஆணைகள் இருந்து, அவற்றை ஒன்றாக நிறைவேற்ற இயலுமானால், முகவர் அவ்வாறே செய்ய வேண்டும். அப்போது முதற்படிக் கட்டணம் ஆணைக்கு ஒன்றாக உண்டு. வீட்டுக்கு வந்ததற்கான கட்டணமோ ஒரே ஒரு முறைதான்.

சிலேட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். முகவர் எழுதியிருந்தது: நோட்டீஸ் இரண்டுக்கு 150, வந்ததற்கு இரு முறை 235 ஆக 470, விற்பனைக்கு 110, ஆகக் கூடுதல் 730. அவர் ஒரே நாளில், ஒரே வருகையில்தான் இரண்டு ஆணைகளையும் கொண்டு வந்தார். எந்தப் பொருளும் விற்பனைக்கு எடுக்கப்படவில்லை. ஆகவே உரிய தொகை 150-உம் 235-உம் சேர்ந்த 385 மட்டுமே. மிகையாகக் கேட்டது 345 பவுண்டு.

மருமகனுக்கு இரண்டு உண்மைகளைச் சொன்னேன். முதலாவது அவனுக்குக் கசந்தது. ஆணை முகவரிடம் போன பிறகு அபராதத்தை மட்டும் கவுன்சிலுக்குக் கட்டுவதால் முகவரின் கட்டணம் மறைந்துவிடாது. நோட்டீஸ் வந்த அன்றே அதனையும் சேர்த்துக் கட்டியிருந்தால் 150 பவுண்டோடு போயிருக்கும். முகவரியை மாற்றாதது அவன் குற்றம். கடிதம் உண்மையிலேயே வந்து சேராதவர்கள் நார்த்தாம்டன் மையத்தில் உறுதிமொழி எழுதிக் கொடுத்து முறையிட வழி உண்டு. பொய்யாக எழுதினால் அது நீதிமன்ற அவமதிப்பு. தன் கவனக்குறைவால் நேர்ந்ததற்கு அந்த வழியை அவன் நாடவில்லை. நானும் நாடச் சொல்லவில்லை. இரண்டாவது உண்மை, 385-க்கு மேல் ஒரு பவுண்டும் அவன் தர வேண்டியதில்லை என்பது.

வாசலில் நின்று வாதாடாதே

“அவரோடு சண்டை போடாதே. எழுத்தில் கேள்” என்றேன். அன்றே ஒரு கடிதம் எழுதினான். எந்த ஆணைக்கு, எந்தத் தேதியில், எந்தப் படிக்கு, எவ்வளவு என்று பிரித்துக் காட்டும்படி கேட்டான். தான் ஒப்புக்கொள்ளும் 385 பவுண்டை உடனே செலுத்திவிட்டு, மீதியை ஏன் மறுக்கிறான் என்பதை விதியைச் சுட்டி எழுதினான். கடிதத்தின் படியைக் கவுன்சிலுக்கும் அனுப்பினான். முகவரை ஏவியது கவுன்சிலே ஆதலால், அவருடைய செயலுக்கு அதுவும் பொறுப்பு. அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால், உள்ளாட்சி முறைகேடுகளை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் செலவின்றி முறையிடலாம். கட்டணத்தைச் சரிபார்க்க நீதிமன்றத்தையும் நாடலாம். ஆனால் தோற்றால் எதிர்த்தரப்பின் செலவு தலையில் விழக்கூடும் என்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

வீட்டில் தனியே இருக்கும் அவன் மனைவிக்கும் சில செய்திகளைச் சொல்ல வேண்டியிருந்தது. வாகன நிறுத்த அபராதத்திற்காக வரும் முகவர் கதவை உடைத்து வீட்டுக்குள் நுழைய முடியாது. காலை ஆறு மணிக்கு முன்னும் இரவு ஒன்பது மணிக்குப் பின்னும் பொதுவாக வரக் கூடாது. பதினாறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மட்டும் இருக்கும் வீட்டில் நுழையக் கூடாது. அடையாளச் சான்றைக் கேட்டால் காட்ட வேண்டும். ஆனால் தெருவில் நிற்கும் காருக்குப் பூட்டுப் போடும் அதிகாரம் அவருக்கு உண்டு. அதனால்தான் ஒப்புக்கொண்ட தொகையைத் தாமதமின்றிக் கட்டச் சொன்னேன்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. 345 பவுண்டும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது, அல்ஹம்துலில்லாஹ். 385 பவுண்டை மருமகன் தன் சம்பளத்திலிருந்தே கட்டியிருந்தான். அக்காவின் சங்கிலி அடகுக் கடைப் படியை ஏறவே இல்லை.

நம் ஊர்க் கணக்கு

இது சீமைக் கதை, நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். நம் வாசலிலும் இதே கேள்வி நிற்கிறது.

கூடாத இடத்தில் வண்டியை நிறுத்தினால், 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆம் பிரிவின்படி அபராதம் உண்டு. 2019 திருத்தத்திற்குப் பின் அது முதல் முறை 500 ரூபாய் வரை, மறுமுறை 1,500 ரூபாய் வரை. 127-ஆம் பிரிவின்படி, சீருடையில் உள்ள காவல் அதிகாரி வண்டியை இழுத்துச் செல்ல அனுமதிக்கலாம். இழுத்த செலவை உரிமையாளரே ஏற்க வேண்டும். அனுமதிப்பவர் சீருடையில் உள்ள காவலர் என்பதைக் கவனியுங்கள். இழுவை வண்டிக்காரர் தாமாக ஒரு தொகையைச் சொல்லிக் கையில் வாங்கிக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. 200-ஆம் பிரிவின்படி சமாதானத் தொகையைக் கட்டிய பின் அதே குற்றத்திற்காக மேல் நடவடிக்கை கிடையாது. ரசீதைப் பத்திரப்படுத்தாதவர் இதை எப்படி நிரூபிப்பார்?

வண்டிக் கடனுக்காக வசூல் ஆட்கள் வருவது இன்று பல வீடுகளில் காணும் காட்சி. 2007-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஏ.ஆர். இலட்சுமணனும் அல்தமஸ் கபீரும் அளித்த தீர்ப்பில், அடியாட்களை ஏவி வாகனத்தைப் பறிப்பதைக் கண்டித்து, சட்ட வழியிலேயே வசூலிக்க வேண்டும் என்றனர். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் கடன் வசூலுக்காக அழைக்கக் கூடாது என ரிசர்வ் வங்கி 2022-இல் அறிவுறுத்தியது.

நீதிமன்ற அமீனாவுக்கும் எல்லை உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 62-ஆம் பிரிவின்படி, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் ஜப்திக்காகக் குடியிருக்கும் வீட்டினுள் நுழையக் கூடாது. 60-ஆம் பிரிவு உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவிகள், மத வழக்கப்படி பெண் கழற்றலாகாத நகை ஆகியவற்றை ஜப்தியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது.

சகோதரிகளே! நம் வீடுகளில் இப்படிப்பட்ட கடிதம் வந்தால், ஆண்கள் அதை அலமாரியில் ஒளித்து வைப்பார்கள். பெண்கள் நகையைக் கழற்றுவார்கள். இரண்டும் வேண்டாம். கடிதத்தைப் பிரித்து, வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். கடன் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். நம் மீது உள்ளதை நாள் தவறாமல் கட்டுங்கள். அது நம் மார்க்கம் நமக்கு விதித்த கடமை. மிகையாகக் கேட்பதை ரசீதோடும் விதியோடும் பணிவாக மறுத்துவிடுங்கள்.

சென்ற மாதம் மருமகன் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தான். பௌர்ணமிக் கூட்டத்தில் காரை எங்கே நிறுத்தலாம் என்று முதலில் காவலரிடம் கேட்டறிந்த பிறகே இறங்கினான். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் கழுத்தில் அந்தச் சங்கிலி இருந்தது.