பரணில் கிடக்கும் மரக்குதிரை

தாத்தா சிறுவனாக இருந்தபோது ஆடிய குதிரை அது. பிறகு அப்பாவும் அதில் ஆடினார். இப்போது அது பரணில் கிடக்கிறது. ஒரு காதைக் காணோம். கைப்பிடியையும் காணோம். அடியில் உள்ள வளைந்த சட்டம் ஒன்று உடைந்திருக்கிறது.

"அடுப்பில் வைக்கலாம்" என்கிறார் ஒருவர்.

"சரி செய்தால் பேரன் ஆடுவானே" என்கிறார் இன்னொருவர்.

யார் சொல்வது சரி? பார்ப்போம்.

பொம்மைகளின் ஊர்

கர்நாடகத்தில் சென்னபட்டணம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெங்களூரில் இருந்து மைசூர் போகும் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. மரப் பொம்மைகளுக்குப் பேர் போன ஊர். ஆடும் குதிரைகளும் அங்கே செய்கிறார்கள்.

இந்த வேலைக்கு வெட்பாலை மரம் ஏற்றது. வெள்ளையாக இருக்கும். கனம் குறைவு. மரத்தை நன்றாகக் காய வைத்து, கடைசல் இயந்திரத்தில் கொடுத்துச் சுழற்றுவார்கள். உளியை வைத்தால் மரம் உருண்டையாக வரும். பிறகு சுழலும் மரத்தில் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஒட்டும். தாழை ஓலையால் தேய்த்தால் பளபளக்கும்.

குதிரையின் கைப்பிடி, கால் வைக்கும் கட்டை போன்ற உருண்டைப் பாகங்களை இப்படிக் கடைந்து எடுக்கலாம். தலை, காது போன்ற தட்டைப் பாகங்களைப் பலகையில் அறுக்க வேண்டும்.

முதலில் வண்ணத்தைக் கவனியுங்கள்

பழைய குதிரையை இறக்கியதும் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தோன்றும். தேய்க்காதீர்கள்!

பழைய பெயிண்டில் காரீயம் இருக்கலாம். காரீயம் ஒரு நஞ்சு. பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் வேறு, இது வேறு. காரீயம் கலந்த தூள் மூச்சிலும் வாயிலும் போனால் குழந்தையின் மூளை வளர்ச்சி கெடும். குழந்தை படிப்பில் பின்தங்கும். இவ்வளவு போனால் ஆபத்தில்லை என்று ஒரு அளவே கிடையாது.

வீட்டுப் பெயிண்டுக்கு இந்தியாவில் இப்போது சட்டம் உண்டு. 10 லட்சம் பங்கு பெயிண்டில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது. இது 2017 நவம்பர் மாதம் நடைமுறைக்கு வந்தது. தாத்தா காலத்துக் குதிரை அதற்கு முந்தியது.

பெயிண்டில் காரீயம் இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. சோதனைச் சாலையில்தான் தெரியும். அதனால் பழைய பெயிண்டைச் சுரண்டாதீர்கள். சூடு காட்டாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். அந்த நேரம் குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இந்த மரத்தை அடுப்பில் வைப்பதும் தவறு. நஞ்சு புகையிலும் சாம்பலிலும் வரும்.

காணாமல் போன பாகங்கள்

போன பாகத்தின் அளவைக் குதிரையே சொல்லும்.

ஒரு காது இருந்தால் போதும். அதைக் காகிதத்தில் வரைந்து வெட்டுங்கள். காகிதத்தைத் திருப்பிப் போட்டால் மறு காது கிடைக்கும்.

கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டை இருக்கும். ஓட்டையின் அகலம்தான் கைப்பிடியின் பருமன். ஒரு குச்சியை விட்டு ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். கடைசல்காரர் அந்த அளவுக்குக் கடைந்து தருவார்.

அடிச் சட்டத்தில் அதிகக் கவனம் வேண்டும். உடையாத சட்டத்தை அட்டையில் வரைந்து, அதே வளைவில் புதுச் சட்டம் அறுக்க வேண்டும். வளைவு கொஞ்சம் மாறினாலும் குதிரை ஒரு பக்கம் சாயும். குழந்தை விழும்.

துருப்பிடித்த ஆணிகளை எடுத்துவிடுங்கள். மரமுளை அடித்து, பசை வைத்து இணைப்பது நல்லது. மரத்தில் சிறு துளைகள் இருந்து மாவு கொட்டினால், உள்ளே வண்டு அரித்திருக்கிறது என்று பொருள். அந்தக் குதிரை பாரம் தாங்காது.

ஆடவா, வைக்கவா?

அப்படியானால் பேரன் எதில் ஆடுவான்?

பழைய குதிரையைச் சரி செய்து உயரமான இடத்தில் வையுங்கள். அது குடும்பத்தின் நினைவு. அதே அளவில் தச்சரிடம் ஒரு புதுக் குதிரை செய்யச் சொல்லுங்கள். காரீயம் இல்லாத வண்ணம் பூசச் சொல்லுங்கள். குழந்தையை ஏற்றும் முன் ஒரு அரிசி மூட்டையை ஏற்றி ஆட்டிப் பாருங்கள். ஆணி நீட்டிக்கொண்டு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

பழைய குதிரையின் பெயிண்டைக் குழந்தை ஏற்கெனவே கடித்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தச் சோதனையில் காரீயம் தெரிந்துவிடும்.

புதுக் குதிரையின் அடியில், அது செய்த ஆண்டை உங்கள் கையால் எழுதி வையுங்கள். பேரன் தாத்தா ஆகும்போது அதைப் படிப்பான்.

சிந்தியுங்கள்: உங்கள் வீட்டில் பழைய பெயிண்ட் பூசிய தொட்டில், நாற்காலி, பொம்மை இருக்கிறதா? பெயிண்ட் உரிகிறதா? குழந்தை அதை வாயில் வைக்கிறதா?